மூன்று பேர் வாசிக்கும் குவார்ட்டெட்

அக்டோபர் 15, ஞாயிறு

தமிழ்ப் பூசை முடிந்ததும் ஃபாதர் ஆரோக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டார். "முகம் வாடிக் கிடக்குதே, தூங்குறீங்களாம்மா?" என்றார். தூங்குகிறேன் என்றேன். நற்கருணை வாங்கிய வாயாலேயே பொய். டாக்டர் கொடுத்த மாத்திரையை நான் தொடவில்லை என்பதையும் எப்படியோ கறந்துவிட்டு, அபராதம் மாதிரி இதைக் கொடுத்தார். ஒரு நோட்டில் அவ்வப்போது நாலு வரி எழுத வேண்டுமாம், அதில் ஒரு வரியாவது கடவுளுக்கு நன்றியாக இருக்க வேண்டுமாம். அறுபத்திரண்டு வயதில் வீட்டுப்பாடம்.

எனக்கு ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். பிஸ்கோ இறந்துபோய் மூன்று வாரம் ஆகிறது. எல்லோருக்கும் வருத்தம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. அவ்வளவுதான்.

படிக்க மாட்டேன் என்று ஃபாதர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் எழுதுவது தலையும் வாலும் புரிகிற மாதிரி இருக்க வேண்டுமே. பிஸ்கோ எங்கள் இசைக்குழுவின் தலைவர், முன்னணிக் கிட்டார். குழுவின் பெயரே பிஸ்கோ குவார்ட்டெட், அதாவது நால்வர் குழு. அவருடைய தம்பி சாம்சோன் தாளக் கிட்டார். எடித் வயலின். நான் பாஸ்; வயலின் ஆளை மிஞ்சி வளர்ந்துவிட்ட மாதிரி இருக்கும், நின்றுகொண்டு கட்டிப்பிடித்து வாசிப்பது. பிஸ்கோவின் மனைவி ரீனா எதையும் வாசிக்க மாட்டாள், ஆனால் அவள் தலையாட்டாமல் எங்கள் குழுவில் ஒரு தந்தியும் அசையாது. அண்ணன் தம்பி இருவரும் மானூஷ், அதாவது இந்தப் பக்கத்து ரோமானி மக்கள்; ஜிப்சி என்று ஊர் சொல்லும், பூர்வீகம் இந்தியாதானாம். அவர்களுடைய முன்னோர் வண்டி கட்டி ஊர் ஊராகக் கொண்டுவந்த மெட்டுகளை ஜாஸோடு கலந்து வாசிப்போம். மின்சாரத்தில் செருகுகிற வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. வரும் ஜனவரியோடு முப்பது வருஷம்.

நான் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. அவர் வேலைக்காக பிரான்சுக்கு, இந்த ஸ்த்ராஸ்பூருக்கு வந்தோம். இங்கே இசைப் பள்ளியில் பியானோவுக்கு ஒரு கூட்டம், வயலினுக்கு ஒரு கூட்டம். யாரும் சீந்தாமல் மூலையில் நின்றது பாஸ் மட்டும்தான். அப்பா ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் ஊருக்கே திரும்ப, நான் மட்டும் தங்கிவிட்டேன். கல்யாணம் என்று எனக்கு எதுவும் அமையவில்லை. போஸ்ட் ஆபீஸில் தபால் பிரித்துக்கொண்டே வாசித்து வந்தேன். ஒரு கல்யாண வீட்டில் பிஸ்கோவின் பாஸ்காரர் வராமல் போக, என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் கல்யாணம் இன்னும் முடியவில்லை என்பார் பிஸ்கோ.

ஒவ்வொரு கச்சேரியிலும் மைக்கைப் பிடித்து என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார்: "மானூஷ்னா மனுஷன்னு அர்த்தம். அறுநூறு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கோம், இந்த ஊர்ல ஒருத்தரும் நம்பல. கடைசியில இந்தியாவுலேருந்து ஒரு சாட்சியைக் கூட்டியாந்துட்டோம். அமலி, மனுஷன்னா உங்க பாஷையில என்ன?" நான் மைக்கில் "மனுஷன்" என்பேன். கூட்டம் கைதட்டும். வருஷக்கணக்காக அதே ஜோக், அதே கைதட்டல்.

(எல்லோரும் பேசுவது பிரெஞ்சு. என் காதில் அது எங்கள் தெருத் தமிழாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.)

நன்றி: லிஃப்ட் சரியாகிவிட்டது. இனி பாஸைச் சுமந்துகொண்டு நாலு மாடி ஏற வேண்டாம்.

அக்டோபர் 19, வியாழன்

நன்றி: தமிழ்க் கடையில் பாகற்காய் வந்திருந்தது. அதன் விலையை எழுதினால் நன்றி குறைந்துவிடும்.

அக்டோபர் 24, செவ்வாய்

முசியே க்ளைன் போன் செய்தார். நகர மண்டபத்தை நடத்துகிறவர். முப்பதாவது ஆண்டுக் கச்சேரிக்கு ஜனவரியில் ஒரு சனிக்கிழமையைப் பிடித்து வைத்திருக்கிறார். "இப்ப எப்படி மதாம், நடக்குமா?" என்றார். சாம்சோனைக் கேட்க வேண்டும் என்றேன். சாம்சோனைக் கேட்டேன். ரீனாவைக் கேட்க வேண்டும் என்றான். ரீனாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எதற்கும் நாலாம் தேதி ஒத்திகைக்கு வா என்று சாம்சோன் சொல்லியிருக்கிறான்.

முன்னணிக் கிட்டார் இல்லாமல் எதை ஒத்திகை பார்ப்பது? பிஸ்கோவின் கிட்டாரை அவரோடே பெட்டியில் வைத்துவிட்டார்கள். அவருடைய சட்டைகள், கட்டில், ஊர் சுற்றிய அந்தப் பழைய வீட்டுவண்டி எல்லாவற்றையும் ரீனாவே நின்று எரித்தாளாம். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது போல, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

நன்றி: இரவு ஐந்து மணி நேரம் தூங்கினேன்.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். முத்தியால்பேட்டையிலிருந்து ரெஜினா அக்கா போன். அம்மா அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ போட்டு, மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்த கையோடு பேசினாள்.

"உங்க பேண்டு மாஸ்டருக்கு என்னாடி செஞ்சீங்க? போட்டோவுக்கு மாலையாவது போட்டீங்களா?"

"இல்லக்கா. அவங்க வீட்ல ஒரு போட்டோகூட மாட்டல."

"அது இன்னா கூத்து? முப்பது வருஷம் சோறு போட்ட மனுஷன். நீயாவது போடக்கூடாது? அனாதையாட்டம் உட்டுட்டீங்களே."

சுருக்கென்று இருந்தது. இந்த வாரம் இந்த ஊர்க் கடைகள் முழுக்கச் சாமந்தி. இவர்களும் கல்லறைக்குச் சாமந்திதான் வைக்கிறார்கள், தொட்டியோடு. வெள்ளையில் நாலு தொட்டி வாங்கி வந்தேன்.

நன்றி: பூக்கட்ட விரல்கள் இன்னும் மறக்கவில்லை.

நவம்பர் 4, சனி

ஒத்திகை நடக்கவில்லை. மழை.

நவம்பர் 5, ஞாயிறு

மழையினால் இல்லை.

சாம்சோன் வீட்டுக் கொட்டகையில்தான் எப்போதும் ஒத்திகை. நான் முன்னாடியே போய்விட்டேன். பிஸ்கோவின் நாற்காலியில் படத்தை நிறுத்தினேன். மெட்ஸ் ஊர்க் கச்சேரியில் தலையை அண்ணாந்து சிரிக்கிற படம், சட்டம் போட்டு எடுத்துப் போயிருந்தேன். மாலையைப் போட்டேன். கீழே ஒரு மெழுகுதிரி. எடித் வந்து பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்றாள். எனக்குப் பெருமை.

சாம்சோன் ரீனாவைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தான். ரீனா வாசற்படியிலேயே நின்றாள். நாற்காலியைப் பார்த்தாள். அப்படியே திரும்பி, குடைகூட எடுக்காமல், மழையில் காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். சாம்சோன் நாற்காலி இருந்த பக்கமே திரும்பவில்லை. மனசு தாங்கவில்லை போலிருக்கிறது, ஆறுதலாக ஏதாவது சொல்வோம் என்று, "பிஸ்கோ நம்ம கூடத்தான் இருக்கார் சாம்சோன்" என்றேன்.

அவன் கிட்டாரைத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினான். "இன்னைக்கு வேணாம்" என்றான். ரீனாவைக் கொண்டுவிடக் கார் போய்விட்டது. மெழுகுதிரியை அணைத்துவிட்டு, மாலையையும் படத்தையும் பையில் போட்டுக்கொண்டு டிராமில் வந்தேன். பாஸுக்கு இடம் கொடுக்க ஒரு பெரியவர் எழுந்து நின்றார். அவருக்கு நன்றி. வேறு யாருக்கும் இன்றைக்கு இல்லை.

நவம்பர் 9, வியாழன்

ரீனா போன் செய்தாள். குரல் அமைதியாக இருந்தது. அவ்வளவு அமைதியாக அவள் என்னிடம் பேசியதே இல்லை.

"எங்க வீட்ல போனவங்க பேரைச் சொல்ல மாட்டோம் அமலி. படம் வைக்க மாட்டோம். அவங்க சாமானையும் வச்சுக்க மாட்டோம், எரிச்சிடுவோம். அவங்க பண்ணின பாட்டை வாசிக்க மாட்டோம். எத்தனை நாளைக்குன்னு கணக்கு இல்ல. சும்மா சும்மா பேரைச் சொல்லி இழுத்தா அவங்களுக்கு நிம்மதி இருக்காது. நம்மகிட்டயும் அவங்க மலிஞ்சு போயிடுவாங்க."

முப்பது வருஷம் பழகியிருக்கிறேன். அண்ணனும் தம்பியும் அவர்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. அந்த அம்மாளோடு ஏதோ பெரிய சண்டை போலிருக்கிறது என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அட மக்கே.

"தெரியாம பண்ணிட்டேன் ரீனா. என்னை மன்னிச்சிடு."

"எதுக்கு மன்னிப்பு? நீ காஜி. ரேடியோக்காரன் பேரைச் சொல்றான், பேப்பர்காரன் படம் போடறான். அவங்கமேல கோவிச்சுக்கறோமா? அதெல்லாம் எங்களுக்கு ஒட்டாது. நீ மனசுல வச்சுக்காதே."

காஜி என்றால் தங்கள் இனம் இல்லாதவள், வெளியாள். வார்த்தையில் தப்பு ஒன்றும் இல்லை. நான் வெளியாள்தானே. பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன்.

நவம்பர் 10, வெள்ளி

பிஸ்கோ. பிஸ்கோ. பிஸ்கோ.

நான் காஜி. எழுதலாம், ஒட்டாது.

நன்றி: ஒன்றும் தோன்றவில்லை. ஃபாதரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நவம்பர் 19, ஞாயிறு

எடித் ஆப்பிள் டார்ட் செய்து எடுத்து வந்தாள். அவள் இந்த ஊர்க்காரி, பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை. குழுவுக்கு வந்து பதினைந்து வருஷம் இருக்கும்.

"இந்தப் பழக்கம் உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அரசல் புரசலாத் தெரியும். நீ இத்தனை வருஷமா இருக்கே, உனக்குச் சொல்லித்தான் செஞ்சிருப்பேன்னு நினைச்சேன்."

"நம்மள காஜிங்கறா."

"ஆமா, காஜிதான். எனக்கு அது நிம்மதி அமலி. அவங்க வீட்டுச் சண்டை, சட்டதிட்டம் எதுக்கும் நான் பொறுப்பில்ல. வர்றேன், வாசிக்கறேன், போறேன்." கரண்டியைக் கீழே வைத்தாள். "உனக்கு என்னதான் வேணும்?"

"டார்ட் இன்னொரு துண்டு."

அவள் போன பிறகு யோசித்தேன். ரீனா கத்தியிருக்கலாம். மாலையைப் பிய்த்து என் மூஞ்சியில் எறிந்திருக்கலாம். சாம்சோன் ஒத்திகை பாதியில் இரண்டு தாளம் தப்பினாலே அவனை என்ன பாடு படுத்துவாள். என்னைச் சுலபமாக மன்னித்துவிட்டாளே, அதுதான் உறுத்துகிறது. ரேடியோக்காரனும் பேப்பர்காரனும் நானும் ஒன்று.

கச்சேரி நடக்குமா, குழு இருக்குமா என்று எடித் கவலைப்படுகிறாள். எனக்கும் கவலைதான். ஆனால் என் கவலை வேறு. குழு இருந்தும் நான் அதில் வாடகைக்கு வந்த பாஸ்காரியாக இருந்தால் என்ன செய்வேன்?

நன்றி: டார்ட். உண்மையாகவே நன்றாக இருந்தது.

டிசம்பர் 5, செவ்வாய்

காலையில் சாம்சோன் வந்து கதவைத் தட்டினான். தனியாக. இந்த வீட்டுக்கு அவன் தனியாக வந்ததே இல்லை. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"கச்சேரி பண்ணலாம்னு ரீனா சொல்லிட்டா. நாம மூணு பேர். போஸ்டர் அடிக்கணுமாம், மண்டபத்துல குழுவோட பேர் கேக்கறாங்க. இன்னைக்கே சொல்லணுமாம்."

"சொல்லிட வேண்டியதுதானே."

அவன் தொப்பியை இன்னும் இறுக்கிச் சுருட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. குழுவின் பெயரில் முதல் வார்த்தையே அதுதானே. அவனால் சொல்ல முடியாது. ரீனாவால் முடியாது. எடித் வகுப்பில் இருக்கிறாள்.

"நீ சொல்லிடேன் அமலி. நீ சொல்லலாம்ல."

நான் சொல்லலாம். ஆமாம், எனக்குத்தான் ஒட்டாதே. கோபமாகப் போனை எடுத்து எண்ணை அழுத்தினேன். புதிதாகச் சேர்ந்த பெண் போலிருக்கிறது, சின்னக் குரல்.

"குழுவோட பேரு, மதாம்?"

வாயைத் திறந்தேன். வரவில்லை. மீன்முள் மாட்டின மாதிரி அந்த முதல் வார்த்தை அங்கேயே நின்றுகொண்டது. முந்தின மாதம் இதே நோட்டில் மூன்று தடவை எழுதிய பெயர்.

"ஹலோ? மதாம்?"

"...குவார்ட்டெட்" என்றேன்.

"வெறும் குவார்ட்டெட்டா?"

"ஆமா."

"மேடையில எத்தனை பேர்?"

"மூணு பேர்."

"குவார்ட்டெட்னா நாலு பேராச்சே, மதாம்."

"எனக்கும் எண்ணத் தெரியும், மத்மொசெல். அப்படியே போடுங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். சாம்சோன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். காப்பி கேட்டான். மூன்று சர்க்கரைக் கட்டி போட்டுக் குடித்தான். பிறகு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். சாம்சோன் கோப்பை கழுவி நான் பார்த்ததில்லை. ரீனா பார்த்தால் போட்டோ எடுத்திருப்பாள்.

நன்றி: அது.

டிசம்பர் 10, ஞாயிறு

அக்காவிடம் போஸ்டர் கதையைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்தாளாம்.

"அப்படியே அம்மாதான்டி நீ! ஞாபகம் இல்லியா? ராத்திரி செபமாலை முடிஞ்சு பிரார்த்தனை சொல்லுவாளே."

எப்படி மறந்தேன்? அப்பாவின் பெயர் சந்தியாகு. அம்மா தன் புருஷன் பெயரைத் தன் வாயால் சொன்னதே கிடையாது. பிரார்த்தனையில் அம்மாதான் முன்னால் சொல்வாள். அர்ச்சியசிஷ்ட இராயப்பரே, சின்னப்பரே, பெலவேந்திரரே என்று புனிதர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வருவாள், நாங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்போம். சந்தியாகப்பர் முறை வந்ததும் அம்மா, "குதிரைமேல் இருக்கிறவரே" என்பாள். நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வேண்டிக்கொள்ளச் சொல்வோம். அப்பா கண்ணை மூடியபடியே தொண்டையைக் கனைப்பார். இந்த ஊருக்கு வந்த புதிதில் அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்காரர் புருஷன் பெயரைக் கேட்க, அம்மா என் முதுகைத் தட்டி, "சொல்லுடி" என்றாள்.

"ஆனா ஒண்ணுடி" என்றாள் அக்கா, சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு. "புருஷன் பேரைத்தான் பொம்பளைங்க அப்படி முழுங்குவாங்க. நீ இன்னாத்துக்கு முழுங்குன?"

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நன்றி: அக்கா இருக்கிறாள். வாய்தான் கொஞ்சம் நீளம்.

டிசம்பர் 23, சனி

நாளை மறுநாள் கிறிஸ்துமஸ். ரீனா வீட்டில் கூட்டம் அதிகம், உருளைக்கிழங்கு உரிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தாள். போனேன். இரண்டு பேரும் சமையலறையில் ஒரு மூட்டையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மாலை விஷயத்துக்குப் பிறகு நாங்கள் தனியாக இருப்பது இதுதான் முதல் தடவை. அவள் மரியாதையாகவே இருந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

பேசாமல் இருக்க முடியாமல் அம்மா கதையைச் சொன்னேன். குதிரைமேல் இருக்கிறவரே என்றதும் ரீனா கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். செப்டம்பருக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அப்புறம் முந்தானை மாதிரி ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"உங்கப்பா போன பிறகாவது சொன்னாங்களா?"

"இல்ல. கல்லறையில என்ன பேர் வெட்டணும்னு கல்தச்சர் கேட்டப்பவும் என்னைத்தான் கைகாட்டினா."

"ஏன்? போனவருக்கு என்ன ஆயிடப்போவுது?"

"முதல்ல எல்லாம் மரியாதைன்னு சொல்லுவா. பேரைச் சொன்னா புருஷனுக்கு ஆயுசு குறையும்பா. அவர் போனதுக்கப்புறம் அந்தக் காரணமும் இல்ல. ஆனாலும் சொல்லல. தன்கிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான், அதையும் வெளியில விட்டுடக்கூடாதுன்னு வச்சிருந்தா மாதிரி இருக்கும்."

ரீனா ஒரு கிழங்கை எடுத்தாள். உரித்து முடித்த கிழங்கை மறுபடி சீவிக்கொண்டே இருந்தாள், பாதியாகக் குறையும்வரை.

"உங்கம்மா காஜி இல்ல" என்றாள்.

அப்போ நான் என்று நுனிநாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற விஷயமா அது? மூட்டையில் மிச்சம் இருந்ததை எல்லாம் உரித்தேன்.

நன்றி: அவள் சிரித்தாள்.

ஜனவரி 13, சனி

நாலு ஒத்திகை ஆகிவிட்டது. முன்னணி மெட்டை எடித் வயலினில் எடுத்துக்கொண்டாள். பழைய ரோமானிப் பாட்டுகள், ஜாஸ் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்கு வந்துவிட்டது. அவர் உண்டாக்கியது எதுவும் இல்லை. முக்கியமாக, மூன்றடித் தாளத்தில் அவர் போட்ட அந்த வால்ஸ் இல்லை. கச்சேரியைக் கேட்கிறவர்கள் வருவதே அந்த வால்ஸுக்காகத்தான். க்ளைன் சாம்சோனைத் தனியாகக் கூப்பிட்டு, "அது இல்லாமலா?" என்றாராம். "அது இல்லாமத்தான்" என்றானாம்.

நாற்காலிகள் மூன்று போட்டிருக்கிறான். நான் நிற்கிறவள், எனக்கு நாற்காலி தேவையே இல்லை. மூன்றாவது காலியாகவே இருக்கிறது.

நன்றி: இடது மணிக்கட்டு வலி குறைந்திருக்கிறது. வெந்நீர் ஒத்தடம் நல்லது.

ஜனவரி 27, சனி

கச்சேரி முடிந்தது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 28, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஃபாதர் மன்னிக்கட்டும்.

மண்டபம் நிறைந்துவிட்டது. பின்னால் நின்றுகொண்டும் இருந்தார்கள். முசியே க்ளைன் மேடையேறி மைக்கைப் பிடித்தார். அந்தப் பெயரைச் சொன்னார். ஒரு தடவை இல்லை, வாய்க்கு வாய். மாமேதை என்றார், ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றார். நல்ல மனுஷர், உருகித்தான் பேசினார். நான் திரைக்குப் பின்னால் நின்று முதல் வரிசையில் ரீனாவின் முகத்தைப் பார்த்தேன். வானிலை அறிக்கை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒட்டவில்லை. க்ளைன் இறங்கியபோது நாகரிகமாகத் தலையை அசைத்து நன்றி சொன்னாள். அதே அமைதியான குரலாகத்தான் இருந்திருக்கும்.

வாசித்தோம். எடித் பிரமாதப்படுத்திவிட்டாள். முடிந்து கும்பிட்டு நின்றபோது பின்வரிசையிலிருந்து ஒருவர் "வால்ஸ்!" என்று கத்தினார். அப்புறம் எல்லோரும். காலால் தரையைத் தட்டிக் கேட்டார்கள். சாம்சோன் ரீனாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"நம்ம பங்கு நம்மளதுதானே?" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் பதில் சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டான். அந்த வால்ஸின் தாளம், அவன் எப்போதும் அண்ணனுக்குப் போட்டது, அது மட்டும். நானும் சேர்ந்துகொண்டேன், நான் எப்போதும் வாசிப்பது மட்டும். எடித் வயலினை எடுக்கப் போனவள் புரிந்துகொண்டு வில்லை மடியில் வைத்தாள். மேலே மெட்டு இல்லை. பல்லவி, அடுத்த பகுதி, அவர் தனியாக விளையாடுகிற இடம், மறுபடி பல்லவி, ஒன்றும் விடாமல் முழுப் பாட்டையும் இரண்டு பேரும் அடியிலிருந்தே வாசித்தோம். முப்பது வருஷமாக என் பாஸை யாருமே கவனித்ததில்லை. நேற்று அதைத் தவிரக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. தப்பு விட்டுவிடக்கூடாதே என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசித்தேன். அவர் கடைசியில் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்து வருவாரே, அந்த இடத்தில் சாம்சோனும் நானும் பேசி வைக்காமலே காத்திருந்து வந்தோம். மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. எனக்கு எல்லாம் கேட்டது. அவருடைய ஒவ்வொரு ஸ்வரமும். கடவுளே, இந்த வாழ்க்கையை எனக்குக் கொடுத்தாயே என்று இருந்தது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் நடந்தது.

மேடைக்குப் பின்னால் அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். க்ளைன் கோப்பைகளில் ஒயின் ஊற்றிக்கொண்டே மறுபடி அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். ரீனா "நன்றி முசியே, நன்றி" என்றாள். நான் ஒரு கோப்பை குடித்திருந்தேன். சந்தோஷம் தலைக்கு ஏறியிருந்தது. எடித்தின் தோளைப் பிடித்துக்கொண்டு, "மெட்ஸ்ல தந்தி அறுந்து போச்சே, அன்னைக்கும் கடைசி இடத்துல இப்படித்தான்..." என்று ஆரம்பித்தேன். அந்தப் பெயரில் பாதி வெளியே வந்துவிட்டது.

ரீனா அறையின் அந்தக் கோடியில் இருந்தாள். எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. என் கையில் பட்டென்று ஒரு அடி. ஒயின் சட்டையெல்லாம் கொட்டியது.

"வாயை மூடு! முப்பது வருஷமா எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, உனக்கு வெக்கமா இல்ல? அவன் சொல்றான், அவனுக்குத் தெரியாது. உனக்குமா தெரியாது? உனக்குமா?"

க்ளைன் ஒயின் புட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். இவ்வளவு நேரம் அந்தப் பெயரை அர்ச்சனை செய்தவருக்கு நன்றி, பாதி பெயருக்கு அடி, பாவம் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாம்சோன் எனக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை. தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான், ரீனா திட்டும்போது எப்போதும் பார்ப்பானே அப்படி.

"மன்னிச்சிடு ரீனா."

"மாட்டேன். போ."

போனேன். கழிவறையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அழுதேன். செப்டம்பரிலிருந்து வராத அழுகை, மொத்தமாக வந்தது. முகத்தைக் கழுவும்போது கண்ணாடியில் பார்த்தால், சிரித்துக்கொண்டும் இருக்கிறேன். வெளியே வந்தால் பைத்தியம் என்பார்களே என்று இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றேன்.

ஜனவரி 29, திங்கள்

காலையில் போன் அடித்தது. ரீனா. எடுக்கவே பயமாக இருந்தது. மனசு ஆறியிருப்பாள், முந்தாநாள் ராத்திரி எல்லார் முன்னாலும் அப்படிப் பேசிவிட்டேனே என்று ஆரம்பிப்பாள், அந்த அமைதியான குரலில் மன்னிப்புக் கேட்பாள், நான் பழையபடி காஜி ஆகிவிடுவேன் என்று நினைத்தேன்.

எடுத்தவுடனேயே, ஒயின் கறையில் உப்புப் போட்டேனா என்று கேட்டாள். போடவில்லை என்றேன். உனக்கு அறிவு எப்போது வரும் என்றாள். ஏப்ரலில் அவள் அக்கா மகனுக்குக் கல்யாணமாம், நாங்கள் மூன்று பேரும் வாசிக்க வேண்டுமாம், எனக்கு வேறு வேலை இருக்கிறதா என்று கேட்கவே இல்லை, வந்துவிடு என்றாள். சாம்சோனின் குறட்டை கொட்டகை வரைக்கும் கேட்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே வந்து வெங்காயம் அரிய வேண்டுமாம், போன தடவை நான் அரிந்தது தடிதடியாக இருந்ததாம். பேசிக்கொண்டே போனாள். ஒவ்வொரு தடவை அவள் மூச்சு வாங்க நிறுத்தும்போதும், இதோ இப்போது மன்னிப்புக் கேட்டுவிடப் போகிறாள் என்று போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கேட்கவில்லை. வெங்காயத்தை மெல்லிசாக அரி என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.